மச்சான் பேர்ல இருந்தா சரியா? அமைச்சர்களின் நடத்தை விதியில் ஒரு 'ஆனால்'

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். வெளியூர் நண்பர்களைக் கூட்டிப் போகும்போது அங்கே வண்டியை நிறுத்திக் கதை சொல்வது என் வழக்கம். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்த கம்பெனி, நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள், 1950-ல் 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியவர் 1969-ல் முதலமைச்சர், அதில் நடித்தவர் 1977-ல் முதலமைச்சர். இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

போன தடவை கூட வந்த நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "சரி, எழுதினவரும் நடிச்சவரும் கோட்டைக்குப் போனாங்க. முதலாளி ஏன் போகல?"

சுந்தரம் போகவில்லை. 1963-ல் காலமாகும் வரை தொழிலிலேயே இருந்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் பற்றி அறுபது வருஷமாகப் பேசுகிறோம். பேசுவதெல்லாம் நடிகரைப் பற்றி. முகத்துக்கு ஓட்டு விழுமா, ரசிகர் மன்றம் கட்சியாகுமா, வசனத்துக்கும் ஆட்சிக்கும் சம்பந்தம் உண்டா. பொழுதுபோக்குத் தொழிலை *நடத்தியவர்*, அதாவது படத்தை எந்த தியேட்டரில் போடுவது, சேனலை எந்த வயரில் அனுப்புவது என்று முடிவு செய்தவர், அரசுப் பதவிக்குப் போனால் என்ன ஆகும் என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. பேசினாலும் "வாரிசு அரசியல்" என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. வாரிசு யார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டாம். விதி என்ன சொல்கிறது என்பதைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம்

நம்ம பக்கத்துச் சம்பவம் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2019 ஆகஸ்ட் 7. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, சேலம் மாவட்டத்துக்காரர். அன்று தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் எம். மணிகண்டன் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார்.

அதற்குச் சற்று முன்புதான் அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் தலைவராகக் கால்நடைத் துறை அமைச்சர் உடுமலை கே. ராதாகிருஷ்ணன் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் கேபிள் தொழிலிலிருந்து வந்தவர். 2011-ல் ஜெயலலிதா அரசு கேபிளை மறுபடி தொடங்கியபோதும் அவர்தான் தலைவர். மணிகண்டன் வெளிப்படையாகச் சொன்னது இது: ராதாகிருஷ்ணன் தரப்பில் 'அட்சயா' என்ற பெயரில் தனியார் கேபிள் நடக்கிறது, அதில் 2 லட்சம் இணைப்புகள் உள்ளன, அரசு கேபிள் தலைவர் முதலில் அவற்றை அரசு கேபிளுக்கு மாற்றட்டும். இது மணிகண்டனின் குற்றச்சாட்டு. பதவிச் சண்டையில் சொன்னது என்பதால் நான் அதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. கேட்டவர் போனார், கேட்கப்பட்டவர் இருந்தார்.

கேபிள் தொழில் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். உங்கள் வீட்டுக்கு வயர் இழுத்து மாதாமாதம் காசு வாங்குபவர் உள்ளூர் ஆபரேட்டர். அவருக்கு மேலே சேனல்களை மொத்தமாக வாங்கி, கண்ட்ரோல் ரூமிலிருந்து சிக்னல் கொடுக்கிற பெரிய நிறுவனம் ஒன்று இருக்கும். தொழிலில் அதை எம்எஸ்ஓ என்பார்கள். ஆபரேட்டர் எந்த எம்எஸ்ஓவிடம் சிக்னல் எடுக்கிறாரோ, அவருக்கு இணைப்புக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அரசு கேபிளும் ஒரு எம்எஸ்ஓதான். ஆக ஒரு ஊரில் ஒரு தெருவில் அரசு எம்எஸ்ஓவும் தனியார் எம்எஸ்ஓவும் ஒரே ஆபரேட்டருக்காகப் போட்டி போடும். கடைக்கு எதிர்க்கடை.

எங்கள் தெருவில் கேபிள் நடத்துகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே தொழில். 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தபோது மாறினார், பிறகு வேறொன்றுக்கு மாறினார், திரும்ப வந்தார். "ஏங்ண்ணா இப்படி மாறி மாறி?"ன்னு கேட்டேன். "எனக்கு வயர் ஒண்ணுதான் தம்பி. மேல யாரு ஊதுறாங்கங்கிறது ஆட்சிக்கு ஆட்சி மாறும்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, வானிலை மாதிரிச் சொன்னார்.

விதி என்ன சொல்கிறது

மத்திய உள்துறை அமைச்சகம் வைத்திருக்கும் 'அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள்' என்று ஒரு ஆவணம் உண்டு. மத்திய அமைச்சர், மாநில அமைச்சர் இருவருக்கும் பொருந்தும். இரண்டு மூன்று பக்கம்தான். எல்லோரும் ஒரு தடவை படிக்கலாம்.

சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். அமைச்சராகப் பதவி ஏற்கும் முன் ஒருவர் மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, தன்னுடைய, தன் குடும்பத்தினருடைய சொத்து, கடன், தொழில் விவரங்களைப் பிரதமரிடம் அல்லது முதலமைச்சரிடம் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, தான் நடத்திவந்த எந்தத் தொழிலின் நிர்வாகத்திலிருந்தும் முழுசாக விலக வேண்டும். உரிமையை விட வேண்டியதில்லை. மூன்றாவது, அந்தத் தொழில் 'சம்பந்தப்பட்ட அரசு'க்குப் பொருளோ சேவையோ கொடுப்பதாக இருந்தால், அல்லது அந்த அரசு தரும் உரிமம், பெர்மிட், குத்தகை போன்றவற்றையே பெரிதும் நம்பியிருந்தால், நிர்வாகம் மட்டுமல்ல, உரிமையையும் விட்டுவிட வேண்டும். சாதாரணமாகச் சந்தை விலைக்கு விற்பதற்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

இதுவரை படித்தபோது "பரவாயில்லையே" என்றுதான் நினைத்தேன். அடுத்து ஒரு 'ஆனால்' வருகிறது. இப்படி விட வேண்டிய நிர்வாகத்தையும் உரிமையையும் அவர் தன் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ, உறவினருக்கோ மாற்றிக் கொடுக்கலாம். கணவன் மனைவிக்கு மட்டும் கூடாது. வாங்குகிறவர் ஏற்கெனவே அந்தத் தொழிலில் ஏதோ ஒரு விதத்தில் இருந்தவராக இருக்க வேண்டும்.

நான் சாப்ட்வேர்க்காரன். இருபது வருஷமாக வேறு ஆட்கள் எழுதிய கோடைப் படித்துச் சம்பாதிக்கிறவன். மேலே நாலு வரி கண்டிப்பான செக் எழுதிவிட்டு, கீழே ஒரு விதிவிலக்கில் எல்லாவற்றையும் கடக்க விடுகிற கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. ஒரே ஒரு நியாயமான கேஸை மனதில் வைத்து எழுதியிருப்பார். இங்கேயும் அந்த நியாயமான கேஸை யூகிக்கலாம்: அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் ஆயில் மில், தம்பி மந்திரியானால் மில்லை மூடவா முடியும்? அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இந்தியாவில் பெரும்பாலான தொழில் குடும்பத் தொழில். குடும்பத் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் வயதுவந்த உறவினர் என்றால் அது விதிவிலக்கே இல்லை, அதுதான் பொது நிலைமை. விதி யாருக்குப் பொருந்த வேண்டுமோ அவர் அத்தனை பேரும் இந்தக் கதவு வழியாக வெளியே போய்விடுவார்கள்.

நாமக்கல் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். லாரி யார் பேரில், ரிக் யார் பேரில், கோழிப்பண்ணை யார் பேரில் என்று கேட்டால் சிரிப்பார்கள். "மச்சான் பேர்ல" என்பது எங்கள் ஊரில் ஒரு தொழில் அமைப்பு. வருமான வரிக்காக, பேங்க் லோனுக்காக, சும்மா ராசிக்காகக்கூட.

இப்போது உடுமலை விவகாரத்தை இந்த விதியில் ஓட்டிப் பார்க்கலாம். மணிகண்டன் சொன்னது முழுக்க உண்மை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் கேபிளுக்கு எம்எஸ்ஓ உரிமம் கொடுப்பது டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். அமைச்சர் மாநில அரசில். 'சம்பந்தப்பட்ட அரசு' உரிமம் தரவில்லை, ஆகவே மூன்றாவது பிரிவு தொடாது. இரண்டாவது பிரிவின்படி நிர்வாகத்திலிருந்து விலகினால் போதும், அதையும் உறவினரிடம் கொடுக்கலாம். ஒரு அமைச்சர் தன் தொழிலுக்குப் போட்டியான அரசு நிறுவனத்துக்கே தலைவராக உட்காருவார் என்பதை விதி எழுதியவர்கள் கற்பனையே செய்யவில்லை. அதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. விதி மீறப்படவில்லை. நீக்கப்பட்ட ஒரே ஆள் கேள்வி கேட்டவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாநில அமைச்சர்கள் இந்த விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டியவர் முதலமைச்சர். யாரை அமைச்சராக்கினாரோ அவரையே அவர் சோதிக்க வேண்டும்.

அஞ்சல் ஆபீஸ் வரை

இதன் பெரிய வடிவம் 2004-ல் வந்தது. தயாநிதி மாறன். அண்ணன் கலாநிதி மாறன் 1993 ஏப்ரல் 14-ல் தொடங்கிய சன் டிவி அதற்குள் தென்னிந்தியாவின் பெரிய தொலைக்காட்சிக் குழுமமாகிவிட்டது. தயாநிதி அந்தக் குழுமத்தின் கேபிள் நிறுவனமான சுமங்கலி கேபிள் விஷன் நிர்வாகத்தில் இருந்தவர். 2003 நவம்பரில் அப்பா முரசொலி மாறன் காலமானார். 2004 மே மாதம் மகன் மத்திய சென்னையில் முதல் தடவையாக ஜெயித்து, அதே மாதம் கேபினட் அமைச்சரானார். துறை: தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்பம்.

அப்போது எல்லோரும் சொன்ன பதில்: "டிவி சேனல்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில்தானே இருக்கு? இவருக்கு என்ன சம்பந்தம்?" நானும் அப்போது பெங்களூரில் ரூம்மேட்களிடம் இப்படித்தான் வாதாடியிருக்கிறேன். பின்னாளில் படித்தபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று டிராய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2004 ஜனவரி 9 அறிவிக்கையின்படி ஒலிபரப்பும் கேபிளும் டிராயின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. கேபிள் கட்டணம், சேனல் நிறுவனத்துக்கும் எம்எஸ்ஓவுக்கும் உள்ள ஒப்பந்தம், எல்லாம் அதன் கையில். டிராய் சுயேச்சையான அமைப்புதான். ஆனால் நிர்வாக ரீதியாக அது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வருகிறது. நாலு மாதம் கழித்து அந்தத் துறைக்குக் கேபிள் குடும்பத்திலிருந்து அமைச்சர்.

இரண்டாவது சின்ன விஷயம், ஆனால் எனக்கு அதுதான் மறக்காது. 1995 கேபிள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஆபரேட்டரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்றைக்குப் பதிவு செய்யும் அதிகாரியாக இருந்தவர் யார் தெரியுமா? அந்தப் பகுதித் தலைமை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டர். அன்றைக்கு அஞ்சல் துறை யாருடையது? அதே தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்ப அமைச்சருடையது. போஸ்ட் மாஸ்டர் வெறுமனே படிவம் வாங்கிச் சீல் குத்துகிறவர், அமைச்சர் போன் போட்டு இன்ன ஆபரேட்டருக்குச் சீல் குத்தாதே என்று சொல்லியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. "சம்பந்தமே இல்லை" என்ற வாதம் எவ்வளவு மெலிதானது என்று மட்டும் சொல்கிறேன்.

நடத்தை விதிப்படி? தம்பி தொழிலை விட்டு வந்தார், அண்ணன் ஏற்கெனவே தொழிலில் இருந்தார், வயதுவந்தவர். அந்த 'ஆனால்' பத்தியை யாரோ இந்தக் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. இல்லை, அது அதற்கு முன்பே எழுதப்பட்டது. அளவு எல்லோருக்கும் சரியாக இருக்கும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழிலிலிருந்து வந்தவர் வேலை தெரிந்தவராக இருப்பார் என்ற வாதம் பொய்யில்லை. 2006 மார்ச் 1 முதல் பிஎஸ்என்எல்லில் 'ஒன் இந்தியா' திட்டம் வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் எஸ்டிடி நிமிஷத்துக்கு 1 ரூபாய். பெங்களூரிலிருந்து திருச்செங்கோட்டுக்கு அம்மாவிடம் பேச, ராத்திரி கட்டணம் குறையும் வரை காத்திருந்து பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறை நாங்கள். அது எனக்கு அரசியல் செய்தியாக வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைச் செய்தியாக வந்தது. ஒரு கட்டணத் திட்டம் மக்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று தெரிந்த ஆள்தான் அதைச் செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்காக மற்ற கணக்கை மூடிவிட முடியாது. 2007 மே 9-ல் தினகரன் கருத்துக்கணிப்பைத் தொடர்ந்து மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். சில நாட்களில் தயாநிதி அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அதே ஆண்டு அன்றைய திமுக அரசு அரசு கேபிள் நிறுவனத்தை உருவாக்கியது. 2008-ல் தஞ்சாவூர், கோவை, நெல்லை, வேலூர் என்று கண்ட்ரோல் ரூம்கள். 2008 டிசம்பரில் இரண்டு குடும்பமும் சமாதானம் ஆனது. அரசு கேபிள் அதன்பின் பேருக்கு இருந்தது. 2011-ல் ஆட்சி மாறிய பிறகுதான் எழுந்தது. நான் தேதிகளை வரிசையாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த வரிசையைப் பார்க்கிற ஒரு கேபிள் அண்ணனுக்கு "ஆட்சிக்கு ஆட்சி மாறும்" என்பதைவிட வேறென்ன தோன்றும்?

ஏர்செல் மேக்சிஸ் வழக்கு பற்றிக் கேட்பீர்கள். சிபிஐ தொடுத்த அந்த வழக்கிலிருந்து 2017 பிப்ரவரி 2-ல் டெல்லி சிறப்பு நீதிமன்றம் மாறன் சகோதரர்களை விடுவித்தது. பலர் அந்தத் தீர்ப்போடு "அப்ப ஒண்ணும் இல்ல" என்று முடித்துக்கொண்டார்கள், இன்னும் பலர் தீர்ப்பையே நம்பவில்லை. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றம் நடந்ததா என்பது கிரிமினல் கோர்ட்டின் கேள்வி. அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருக்கலாமா என்பது வேறு கேள்வி, அதற்குக் கோர்ட் தேவையில்லை, சரியான விதி இருந்தால் போதும். நம் ஊரில் இரண்டாவது கேள்வியைக் கேட்க இடமே இல்லாததால் எல்லாவற்றையும் முதல் கேள்வியாக்கி, பத்து வருஷம் இழுத்து, கடைசியில் இரண்டுக்கும் பதில் இல்லாமல் போகிறோம்.

காசிபுரம்

2023 ஜூன் 29-ல் 'மாமன்னன்' வந்தது. கதை நடப்பது சேலம் பக்கம் காசிபுரம் தொகுதியில். அது ராசிபுரம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல படம், உட்கார நாற்காலி தரப்படாத ஒரு எம்எல்ஏவின் கதையை இந்த மண்ணை வைத்துச் சொன்னது. தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர்கள் பேசாமல் பார்த்தார்கள். எனக்கு ஒரு யோசனை மட்டும் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எம்எல்ஏவின் மகனாக நடிப்பவர் உதயநிதி ஸ்டாலின். தயாரித்தது அவர் 2008-ல் 'குருவி'யோடு தொடங்கிய ரெட் ஜெயண்ட் மூவிஸ். படம் வரும்போது அவர் 2022 டிசம்பர் 14 முதல் அமைச்சர். பிறகு 2024 செப்டம்பரில் துணை முதலமைச்சர்.

நடிப்பை அதோடு நிறுத்திவிட்டார், சொன்னபடி செய்தார். ஊடகங்கள் முழுக்க அதையே எழுதின. அது நடிகர் உதயநிதியைப் பற்றிய செய்தி. தயாரிப்பாளர், விநியோகஸ்தர் உதயநிதியைப் பற்றி யாராவது விரிவாக எழுதினார்களா என்று தேடினேன். அங்கங்கே சில பத்திகள்தான். 2022-ல் தமிழ்நாட்டு தியேட்டர்களில் ஓடிய பெரிய படங்களின் போஸ்டரை எடுத்துப் பாருங்கள். 'டான்', 'விக்ரம்', 'திருச்சிற்றம்பலம்', 'லவ் டுடே', பிறகு 2023 பொங்கலுக்கு 'துணிவு'. எல்லாவற்றையும் இங்கே வெளியிட்டது ரெட் ஜெயண்ட். 2021 மே முதல் 2022 டிசம்பர் வரை அவர் எம்எல்ஏ மட்டும்தான், அமைச்சர் இல்லை. நடத்தை விதி எம்எல்ஏவுக்குக் கிடையாது. முதலமைச்சரின் மகன் என்ற பதவியும் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

சினிமாவில் அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்று அவருக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். 2016 பொங்கலுக்கு அவருடைய 'கெத்து' வந்தது. அப்போது தமிழ்த் தலைப்புக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 'கெத்து' தமிழ்ச் சொல் இல்லை என்று சொல்லி அன்றைய அதிமுக அரசு விலக்கு தரவில்லை. அவர் உயர் நீதிமன்றம் போய், அது தமிழ்ச் சொல்தான் என்று தீர்ப்பு வாங்கினார். ஒரு படத்தின் லாபத்தை ஒரு அதிகாரியின் கையெழுத்து எப்படித் தின்னும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கேளிக்கை வரி முறை மாறிவிட்டாலும் கை அப்படியே இருக்கிறது. தியேட்டருக்கு உரிமம் கொடுப்பது கலெக்டர். சிறப்புக் காட்சிக்கு அனுமதி கொடுப்பது அரசு. 2023 அக்டோபரில் 'லியோ'வுக்கு அதிகாலைக் காட்சி கேட்டுத் தயாரிப்பாளர் கோர்ட் வரை போயும், காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி என்று அரசு உறுதியாக நின்றது.

அரசு சொன்ன காரணங்கள் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதே அரசின் அமைச்சர் ஒருவரின் பெயரோடு சேர்ந்த விநியோக நிறுவனம் சந்தையில் இருக்கும்போது, மற்ற தயாரிப்பாளர் அந்தக் காரணத்தை எப்படிப் படிப்பார்? அடுத்த படத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போது அவர் மனதில் என்ன ஓடும்? யாரும் மிரட்ட வேண்டாம், போன் செய்ய வேண்டாம். இந்த மாதிரி விஷயத்தில் நடக்கிற சேதமே, எதுவும் நடக்காமலே நடப்பதுதான். அதனால்தான் இதை வழக்கு போட்டுப் பிடிக்க முடியாது.

விதிப்படி மறுபடி ஓட்டிப் பாருங்கள். உரிமம் தியேட்டருக்கு, விநியோகஸ்தருக்கு இல்லை. ஆகவே மூன்றாவது பிரிவு வராது. இரண்டாவது பிரிவுக்கு நிர்வாகத்திலிருந்து விலகினால் போதும். 2025-ல் 'இட்லி கடை' போஸ்டரில் 'இன்பன் உதயநிதி வழங்கும்' என்று வந்தது. மகன், வயதுவந்தவர். மூன்று டெஸ்ட் கேஸ், மூன்றும் பாஸ். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி ரிசல்ட் கொண்டுவந்தால் நான் கோடைப் பார்க்க மாட்டேன், டெஸ்டைத்தான் எடுத்துவா என்பேன்.

மீறினால்தான் என்ன

ஒரு வேளை யாராவது மீறியே விட்டாலும்? இதற்கும் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1992-ல் முதலமைச்சர் ஜெயலலிதா பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பரில் தீர்ப்பு. விடுதலை. நடத்தை விதிகளுக்குச் சட்ட வலு இல்லை, அதை மீறியதற்காகக் குற்றவாளியாக்க முடியாது என்றது நீதிமன்றம். நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பதில் சொல்லுங்கள் என்ற ரீதியில் அறிவுரையும் சொன்னது. நிலம் திரும்பிப் போனது. விதி அப்படியே இருக்கிறது.

சட்ட வலு உள்ள ஒன்று உண்டு: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ. அரசுக்குப் பொருள் சப்ளை, கட்டுமான ஒப்பந்தம் கையில் இருந்தால் தகுதி இழப்பு. சத்துணவுக்கு முட்டை சப்ளை செய்யும் நாமக்கல் பண்ணைக்காரர் தேர்தலில் நிற்கும் முன் வக்கீலைப் பார்க்க வேண்டும். உரிமம், அனுமதி, ஒழுங்குமுறை ஆகியவற்றால் வாழும் தொழில்காரர் பார்க்க வேண்டியதில்லை. 1951-ல் அரசோடு உறவு என்றால் சப்ளையும் காண்டிராக்டும்தான் நினைவுக்கு வந்திருக்கும். முட்டையைப் பிடிக்கிற வலையில் அலைவரிசை சிக்காது.

அமெரிக்காவில் ஒழுங்காக இருக்கிறதா என்றால், அங்கேயும் முழுசாக இல்லை. ஸ்டீவன் மனுச்சின் ஹாலிவுட் படங்களுக்குப் பணம் போட்டவர், 2017-ல் நிதி அமைச்சர். பதவிக்கு வந்த புதிதில் ஒரு பேட்டியில், எந்தப் படம் பார்க்கலாம் என்ற பேச்சில் 'லெகோ பேட்மேன்' படத்தைச் சிபாரிசு செய்துவிட்டார். அவர் நிறுவனம் பணம் போட்ட படம். அரசு நெறிமுறை அலுவலகத்துக்குத் தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் எழுத வேண்டி வந்தது. ஒரு வாக்கியத்துக்காக! பிறகு தன் சினிமா நிறுவனப் பங்கை, அப்போது நிச்சயமாகியிருந்த, பின்னர் மனைவியான பெண்ணுக்கு விற்றார். கல்யாணத்துக்குப் பிறகு அது அவர் சொத்தாகவே கருதப்படும் என்பதால், 2019-ல் அவருடைய சொத்து அறிக்கைக்குச் சான்று தர அந்த அலுவலகம் மறுத்தது. பதவி போகவில்லை, 2021 வரை இருந்தார். ஆனாலும் அமைச்சர் அல்லாத, பிரதமர் அல்லாத யாரோ ஒரு அதிகாரி காகிதத்தைப் பார்த்து "இது சரியில்லை" என்று எழுத முடிந்தது. ஊருக்கே தெரிந்தது. நமக்கு அந்த மேஜையே இல்லை.

தொழில்காரர்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்பது என் கட்சி இல்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் வேட்பாளரே கிடைக்க மாட்டார். லாரி, ரிக், பண்ணை, ஸ்பின்னிங் மில் ஏதாவது ஒன்று எல்லோருக்கும் இருக்கும். நான் கேட்பது சின்னது. உறவினருக்கு மாற்றலாம் என்ற 'ஆனால்' போக வேண்டும். ஆகஸ்ட் 31-க்குள் அமைச்சர்கள் ஆண்டுதோறும் முதலமைச்சரிடம் கொடுக்க வேண்டிய சொத்து விவரம் முதலமைச்சரின் அலமாரிக்குப் போகாமல் மக்கள் பார்க்கிற இடத்துக்கு வர வேண்டும். தன் தொழிலைத் தொடுகிற கோப்பு மேஜைக்கு வரும்போது அமைச்சர் எழுந்து போக வேண்டும் என்று ஒரு வரி சேர வேண்டும். பஞ்சாயத்தில்கூட சொந்தக்காரர் வழக்கு வந்தால் நாட்டாமை ஒதுங்குவார்.

போன வாரம் இதையெல்லாம் கேபிள் அண்ணனிடம் சொன்னேன். போஸ்ட் ஆபீஸ் பதிவு விஷயம் மட்டும் அவருக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. உள்ளே போய்ப் பழைய பிளாஸ்டிக் பையிலிருந்து ரசீதுகளை எடுத்து வந்தார். வருஷாவருஷம் 500 ரூபாய், தலைமை அஞ்சலகச் சீல். 2004, 2005, 2006 ரசீதுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இதுக்கு மந்திரியும் அவரு, மேல சிக்னல் குடுத்ததும் அவங்க வீடு. நான் ரெண்டு பக்கமும் அவங்களுக்கேதான் கட்டியிருக்கேன், இல்லீங்களா தம்பி?"

ரசீதுகளைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, மூன்றாவது தெருவில் சிக்னல் இல்லை என்று போன் வந்ததால் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.